சிங்கப்பூர் – நியூயார்க்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் டிக்கெட் போட்டுத் தரும் வேலையில் இருக்கிறேன். மகளைப் பார்க்கப் போகிற அம்மாக்கள், படிக்கப் போகிற பிள்ளைகள், சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் விமானம் மாறுகிறவர்கள் என்று யார் வந்தாலும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். டிக்கெட் விலை இதில் கிடையாது. அது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

அண்ணே, சிங்கப்பூர்லேர்ந்து நியூயார்க் எத்தனை கிலோமீட்டர்?

சாங்கியிலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கு 15,349 கி.மீ. மைலில் சொன்னால் 9,537. விமானிகள் கணக்கிடும் கடல் மைலில் 8,288. ஒரு கடல் மைல் என்பது 1.852 கி.மீ. இணையத்தில் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு எண் வருகிறது என்று குழம்புகிறவர்கள் முதலில் பக்கத்தில் எந்த அலகு போட்டிருக்கிறது என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

பூமியில் எந்த இரண்டு இடங்களை எடுத்தாலும் அதிகபட்சத் தூரம் சுமார் 20,000 கி.மீ.தான். அதைத் தாண்டினால் மறுபக்கமாக நெருங்க ஆரம்பித்துவிடுவோம். அந்த அளவில் பார்த்தால் இந்தப் பயணம் முக்கால் பங்குக்கும் கொஞ்சம் அதிகம்.

மொத்தம் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கணும்?

நேரடி விமானத்துக்கு அட்டவணையில் பதினெட்டரை மணி முதல் பத்தொன்பது மணிக்குள் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் 18 மணி 40 நிமிடத்தை ஒட்டி இருக்கும். பருவத்துக்கு ஏற்ப கொஞ்சம் கூடும், குறையும்.

உண்மையில் பறந்த நேரம் இதைவிடக் குறைவாக இருக்கலாம். 2018 அக்டோபர் 11ஆம் தேதி இரவு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்தச் சேவையை மறுபடியும் தொடங்கியபோது, முதல் விமானம் 17 மணி 52 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அது இறங்கியது நியூவர்க்கில். அதைப் பற்றிக் கீழே வருகிறது.

டிக்கெட்ல ஒரு நேரம் போட்டிருக்கு, கேப்டன் மைக்ல வேற நேரம் சொல்றாரே?

இரண்டும் சரி. டிக்கெட்டில் இருப்பது வாசலிலிருந்து வாசல் வரை: சாங்கியில் கதவை மூடி விமானம் பின்னால் நகர்வதிலிருந்து, நியூயார்க்கில் நிறுத்துமிடத்தில் போய் நிற்பது வரை. கேப்டன் சொல்வது காற்றில் இருக்கும் நேரம் மட்டும். ஓடுபாதை வரைக்கும் ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பிறகு மறுபடியும் ஊர்வது எல்லாம் கேப்டன் கணக்கில் வராது. ஜேஎஃப்கேயில் அந்த ஊர்தல் கொஞ்சம் நீளும்.

இதற்கு மேல் நிறுவனங்கள் அட்டவணையில் சில நிமிடங்களைக் கையிருப்பாகவும் வைப்பார்கள். தாமதமாகக் கிளம்பினாலும் "சரியான நேரத்தில் வந்தோம்" என்று சொல்லிக்கொள்ள அது உதவும். குறை சொல்ல மாட்டேன்; அதை நம்பித்தான் நானும் அடுத்த விமானத்துக்கு இடைவெளி கணக்குப் போடுகிறேன்.

விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகுது. 15,349ஐ 900ஆல வகுத்தா 17 மணிதானே வருது?

வகுத்தது சரி. ஆனால் அதில் இரண்டு அனுமானங்கள் இருக்கின்றன. ஒன்று, விமானம் 15,349 கி.மீ. மட்டுமே பறக்கிறது என்பது. இரண்டு, தரையைப் பொறுத்து எப்போதும் 900 கி.மீ. வேகம் என்பது. இரண்டுமே நடப்பதில்லை.

15,349 என்பது பூமிக்கு மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வரும் மிகக் குறைந்த தூரம். காற்று, வான்வெளி அனுமதி, புயல், இறங்க வேண்டிய திசை ஆகியவற்றைப் பார்த்துத் திட்டமிடும் பாதை அதைவிட நீளமாகவே இருக்கும். இந்தத் தடத்தில் 16,000 கி.மீ.க்கு மேல் பறப்பது சாதாரணம். வேகமும் அப்படித்தான்: 900 என்பது சுற்றியிருக்கும் காற்றைப் பொறுத்த வேகம். பின்னாலிருந்து காற்று தள்ளினால் தரையைப் பொறுத்து 1,000க்கு மேல் போகும். எதிர்த்து வீசினால் 800க்குக் கீழே இறங்கும்.

சீட் முன்னாடி இருக்கிற மேப்புல பாதை வில்லு மாதிரி வளைஞ்சு போகுது. நேரா போனா சீக்கிரம் போயிடலாமே?

அந்த வளைவுதான் நேர்வழி. உருண்டையைத் தட்டையான தாளில் விரிக்கும்போது வடக்கும் தெற்கும் அளவுக்கு மீறி இழுபடும். அதனால் உருண்டையில் நேராக இருப்பது தாளில் வளைவாகத் தெரிகிறது. வீட்டில் பிள்ளைகளின் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து சிங்கப்பூரிலும் நியூயார்க்கிலும் அழுத்தி இறுக்கிப் பாருங்கள். நூல் பசிபிக்கின் நடுவே போகாது, அட்லாண்டிக் பக்கமும் வராது. நேரே மேலே ஏறி வட துருவத்தை உரசிக்கொண்டு மறுபக்கம் இறங்கும்.

காரணம் எளிது. சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையை ஒட்டி இருக்கிறது. நியூயார்க் மேற்கு 74ஐ ஒட்டி. இரண்டையும் கூட்டினால் 178. உலகத்தின் நேர் எதிர்ப்பக்கம் என்பது 180. ஆகவே மிகக் குறுகிய பாதை துருவத்திலிருந்து 300 கி.மீ.க்குள் கடந்து போகும்.

அப்போ விமானம் வட துருவத்து மேலயா போகுது?

பெரும்பாலான நாட்களில் இல்லை. போக முடியாது என்பதல்ல. துருவப் பகுதிக்கு மேல் பறக்கும் விமானங்கள் 1990களின் இறுதியிலிருந்தே இருக்கின்றன. ஆனால் அங்கே சில தொல்லைகள் உண்டு. வெளிக் குளிரில் எரிபொருள் உறையும் நிலையை நெருங்காமல் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ எரிபொருளின் உறைநிலை மைனஸ் 40 டிகிரி. மற்ற நாடுகளில் கிடைக்கும் ஜெட் ஏ-1க்கு மைனஸ் 47. பூமத்திய ரேகைக்கு மேல் நிற்கும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களின் எட்டலுக்கும் துருவம் வெளியே இருக்கிறது. சூரியப் புயல் நாட்களில் பழைய வானொலித் தொடர்பும் கெடும்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். முக்கியக் காரணம் காற்று. துருவம் வழியாகப் போனால் தள்ளிவிடக் காற்று கிடைக்காது. பசிபிக் வழியாகப் போனால் கிடைக்கும். அதனால் சாங்கியிலிருந்து கிளம்பும் விமானம் வழக்கமாக ஜப்பான் பக்கம் ஏறி, வட பசிபிக்கைக் கடந்து, அலாஸ்கா அல்லது கனடா வழியாக நியூயார்க்கில் இறங்கும்.

போகும்போது காத்து தள்ளுதுன்னா, வரும்போது எதிர்க்காத்து தானே? ஆனா ரெண்டு பக்கமும் ஒரே நேரம் போட்டிருக்கே?

இந்தத் தடத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

பூமியின் நடு அட்சரேகைகளில், விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகமான காற்றோட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 200, 300 கி.மீ.கூடத் தொடும். 1920களில் வாசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலையாளர் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று எஸ்பெரான்டோ மொழியில் அறிக்கை எழுதினார். அதனாலேயே யாரும் படிக்கவில்லை.

லண்டன்–நியூயார்க் மாதிரித் தடங்களில் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். கிழக்கே வருவது சீக்கிரம், மேற்கே போவது ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கூடுதல். ஆனால் நியூயார்க் நமக்கு நேர் எதிர்ப்பக்கம் இருப்பதால் கிழக்கு வழியாகவும் போகலாம், மேற்கு வழியாகவும் போகலாம்; தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் போகும்போது பசிபிக் வழியாகக் கிழக்கே போகிறார்கள். திரும்பும்போது பல நாட்களில் அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பா, மேற்கு ஆசியா வழியாக மறுபடியும் கிழக்கே வருகிறார்கள். இரண்டு பயணத்திலும் பின்காற்று.

அந்த மாதிரி நாளில் போய்வந்தால் நீங்கள் உலகத்தை ஒரு முழுச் சுற்று சுற்றியிருக்கிறீர்கள். எல்லா நாளும் இப்படி அமையும் என்று சொல்ல முடியாது. அன்றைய காற்றைப் பார்த்து, கிளம்புவதற்குச் சில மணி நேரத்துக்கு முன்தான் பாதையை முடிவு செய்வார்கள்.

பூமிதான் சுத்துதே. விமானம் மேல போய் சும்மா நின்னா நியூயார்க் தானா கீழ வந்துடாதா?

சின்னப் பையன்தான் கேட்டான். ஆனால் கூட வந்த பெரியவர்களும் பதிலுக்குக் காத்திருந்ததைப் பார்த்தேன்.

வராது. பூமி சுற்றும்போது காற்று மண்டலமும் கூடவே சுற்றுகிறது. சாங்கியில் நிற்கும் விமானமும் அந்த வேகத்தோடுதான் நிற்கிறது. ஓடும் எம்ஆர்டி ரயிலுக்குள் குதித்தால் அதே இடத்தில்தானே விழுகிறோம், பின் பெட்டியில் போய் விழுவதில்லையே. பூமியின் சுழற்சி மறைமுகமாக மட்டும் உதவுகிறது: மேலே சொன்ன காற்றோட்டம் கிழக்கு நோக்கி ஓடுவதற்கு அந்தச் சுழற்சியும் ஒரு காரணம்.

சனி ராத்திரி பதினொன்றரைக்குக் கிளம்பி ஞாயிறு காலைல அஞ்சேகாலுக்கு இறங்குது. அப்போ ஆறு மணி நேரம்தானே?

கடிகாரத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். நியூயார்க் கடிகாரம் நமக்கு 13 மணி நேரம் பின்னால் ஓடுகிறது. சிங்கப்பூரில் சனி இரவு 11.30 என்றால் அங்கே சனி காலை 10.30. அதோடு 18 மணி 45 நிமிடத்தைக் கூட்டினால் ஞாயிறு அதிகாலை 5.15.

இந்த 13 மணி நேரம் நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் இரண்டாம் வாரம் வரைக்கும்தான். மார்ச் இரண்டாவது ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு திரும்பப் பின்னால் வைப்பார்கள். இடைப்பட்ட மாதங்களில் வித்தியாசம் சரியாக 12 மணி நேரம். அப்போது கடிகாரத்தை மாற்றவே வேண்டாம்; காலை மாலையை மட்டும் மாற்றிப் படித்துக்கொண்டால் போதும். சிங்கப்பூரில் இப்படித் தள்ளி வைக்கும் வழக்கம் இல்லை, இந்தியாவிலும் இல்லை.

பயண நேரம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் இரண்டு நேரத்தையும் ஒரே ஊர் நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். வேறு குறுக்குவழி கிடையாது.

திங்கக்கிழமை ராத்திரி நியூயார்க்ல ஏறினா புதன்கிழமை காலைல சிங்கப்பூர்னு இருக்கு தம்பி. எனக்கு செவ்வாய் விரதம். செவ்வாய் எங்க போச்சு?

எங்கேயும் போகவில்லை அம்மா, வானத்தில் வந்து போகும். திங்கள் இரவு 10.30க்கு நியூயார்க்கில் கிளம்பும்போது சிங்கப்பூரில் செவ்வாய் பகல் 11.30 ஆகியிருக்கும். 18 மணி 40 நிமிடம் பறந்து இறங்கும்போது புதன் காலை 6.10. அட்லாண்டிக் வழியாக வந்தால் விமானம் சூரியனை எதிர்கொண்டு போவதால் விடியலும் சீக்கிரம், அந்தியும் சீக்கிரம். செவ்வாயின் பகல் வெளிச்சம் சுருங்கிவிடும், ஆனால் உண்டு. ஜன்னலில் விடிந்ததிலிருந்து இருட்டும் வரைக்கும் இருந்தால் வழக்கத்தைவிடக் குறைந்த நேர விரதம்தான். அது கணக்கில் சேருமா என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

போகும்போதும் இதே கதை. இரவு கிளம்பி, பசிபிக் மேலே ஒரு குட்டிப் பகல், மறுபடியும் இரவு. அந்தப் பகல் குளிர்காலத்தில் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடும்.

டிக்கெட்ல நியூவர்க்னு இருக்கு. நியூயார்க்கை தப்பா அடிச்சுட்டாங்களா?

இல்லை, அது வேறு விமான நிலையம். நியூவர்க் பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் இருக்கிறது. நேர்கோட்டில் ஜேஎஃப்கேயிலிருந்து 33 கி.மீ.தான், ஆனால் நடுவில் நியூயார்க் நகரமே கிடப்பதால் சாலையில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். சாங்கியிலிருந்து நியூவர்க் 15,344 கி.மீ., ஜேஎஃப்கேயைவிட 5 கி.மீ. குறைவு. பறக்கும் நேரத்தில் வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் இறங்கிய பிறகு. பிள்ளைகள் எடிசன் பக்கம், நியூஜெர்சியில் இருந்தால் நியூவர்க் எடுங்கள். குயின்ஸ், லாங் ஐலண்ட் பக்கம் என்றால் ஜேஎஃப்கே. ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு என்று நினைக்கிறவர்களுக்கும் ஜேஎஃப்கேதான் பக்கம்.

நேரடி விமானத்துல எகானமி சீட்டே காட்டலையே, வித்துத் தீர்ந்துடுச்சா?

தீரவில்லை, கிடையவே கிடையாது. இந்தத் தடத்தில் ஓடும் ஏர்பஸ் ஏ350-900யூஎல்ஆர் (மிக நெடுந்தூரத்துக்கான வகை) விமானத்தில் மொத்தம் 161 இருக்கைகள்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. இதே நிறுவனத்தின் சாதாரண நெடுந்தூர ஏ350-900இல் 253 இருக்கைகள் உண்டு. மீதி எங்கே போயிற்று என்றால், எரிபொருளாக மாறிவிட்டது.

யூஎல்ஆர் வகையில் 1,65,000 லிட்டர் நிரப்பலாம். சாதாரண வகையைவிட 24,000 லிட்டர் அதிகம். முழுதாக நிரப்பினால் எரிபொருளே சுமார் 130 டன். விமானம் தரையை விட்டு எழும்ப அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 280 டன். அதாவது கிட்டத்தட்டப் பாதி எடை எரிபொருள்தான். அந்த எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகும், அதுதான் இந்த நீண்ட பயணங்களின் சாபம். அதனால் ஆட்களைக் குறைத்து, முன்பக்கச் சரக்கு அறையையும் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறார்கள். எடை குறையக் குறையத்தான் விமானம் படிப்படியாக உயரம் ஏறும். தொடக்கத்தில் 30,000 அடிக்குச் சற்று மேல், கடைசியில் 40,000 அடியை ஒட்டி.

2020 நவம்பரில் ஜேஎஃப்கே சேவை தொடங்கியபோது எகானமி இருந்த சாதாரண ஏ350ஐத்தான் விட்டார்கள். கொரோனா காலத்தில் ஆள் குறைவு, அதனால் எடை தாங்கியது. அதை நினைவில் வைத்துக்கொண்டு இன்னும் சிலர் கேட்கிறார்கள்.

முன்னாடி ஒரு தடவை இந்த சேவையை நிறுத்திட்டாங்களாமே, ஏன்?

2004இல் நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500ஐ வைத்து நியூவர்க்குக்கு ஓட்டினார்கள். 2008இல் 100 பிசினஸ் இருக்கைகள் மட்டும் கொண்டதாக மாற்றியும் பார்த்தார்கள். எண்ணெய் விலை ஏறியபோது நான்கு எஞ்சினின் பசிக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 2013 நவம்பரில் நிறுத்தினார்கள். இரண்டு எஞ்சினிலேயே அதே தூரம் போகும் விமானம் வந்த பிறகுதான் 2018இல் திரும்பத் தொடங்கியது.

ரெண்டே எஞ்சின்ல பசிபிக் கடலைத் தாண்டறதா? நடுவுல ஒண்ணு நின்னுட்டா?

ஒற்றை எஞ்சினிலும் விமானம் பறக்கும். அப்படிப் பறந்து குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு விமான நிலையத்தை எட்டிவிட முடியும் என்று காட்டினால்தான் அந்தப் பாதைக்கு அனுமதியே. ஏ350 வகைக்கு ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு 370 நிமிடம் வரை அனுமதிக்கும் தகுதியைக் கொடுத்திருக்கிறது. நடைமுறையில் அவ்வளவு நேரம் தேவைப்படாது. வட பசிபிக் பாதைகளுக்கு ஜப்பானிய விமான நிலையங்கள், அலூஷியன் தீவுகளை ஒட்டிய கோல்ட் பே, அலாஸ்காவின் ஆங்கரேஜ் என்று ஒதுங்கும் இடங்கள் இருக்கின்றன. மேலே சொன்ன வட பசிபிக் பாதை கரையை ஒட்டியே போவது இதற்கும் வசதி.

விமானிகள் நான்கு பேர். மாறி மாறித் தூங்க அவர்களுக்குத் தனிப் படுக்கை அறை உண்டு.

எகானமில போகணும்னா வேற வழி?

சிங்கப்பூர்–ஃபிராங்ஃபர்ட்–ஜேஎஃப்கே. அதே நிறுவனமே ஓட்டுகிறது, எகானமி உண்டு. முதல் துண்டு சுமார் 10,260 கி.மீ., இரண்டாவது சுமார் 6,190. மொத்தம் 16,450ஐ ஒட்டி வரும். நேர்வழியைவிட 1,100 கி.மீ.தான் கூடுதல். ஆனால் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு முழு நாள். இங்கே போகும் திசை மேற்கு, ஆகவே எதிர்க்காற்று. முன்பு சொன்ன கிழக்கு வழி லாபம் இதில் கிடையாது. என் கருத்தைக் கேட்டால், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நடுவில் இறங்கி நடப்பது நேரடிப் பயணத்தைவிட நல்லது.

நாங்க சென்னைலேர்ந்து போறோம். சிங்கப்பூர் வழியா போறது சுத்து வழியா?

ஆமாம், நல்ல சுற்று. சென்னை–நியூயார்க் குறுகிய தூரம் சுமார் 13,475 கி.மீ. சிங்கப்பூர் வழியாகப் போனால் 2,900 சாங்கி வரைக்கும், அப்புறம் 15,349. மொத்தம் 18,250ஐ ஒட்டி. துபாய் வழியாக என்றால் சென்னை–துபாய் 2,930, துபாய்–ஜேஎஃப்கே 11,020, மொத்தம் 13,950. நேர்வழியிலிருந்து 500 கி.மீ.கூட விலகல் இல்லை. என் வியாபாரத்துக்கு எதிராகச் சொல்கிறேன், தூரம் மட்டும் பார்த்தால் வளைகுடா வழிதான் நியாயம். சிங்கப்பூரில் அக்காவையோ மகனையோ பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த வழி சரி.

தூரம் கம்மின்னா சென்னைலேர்ந்து நேரடி விமானம் ஏன் விடலை?

விமானத்தால் முடியாததால் அல்ல. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா பெங்களூரிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு நேரடிச் சேவை தொடங்கியது. அது 14,000 கி.மீ.யைத் தொடும் தூரம். சென்னை–நியூயார்க் அதைவிடக் குறைவு. நெடுந்தூர விமானத்துக்குத் தினமும் முன்பக்கத்து விலை உயர்ந்த இருக்கைகள் நிறைய வேண்டும். சென்னையிலிருந்து போகிற கூட்டம் அமெரிக்காவின் பத்து ஊர்களுக்குப் பிரிந்து போகிறது. அதை வளைகுடாவும் ஐரோப்பாவும் ஏற்கெனவே பங்கு போட்டுக்கொண்டன.

உலகத்துலயே நீளமான விமானப் பயணம் இதுதானா?

அட்டவணையில் உள்ள இடைநில்லாப் பயணிகள் சேவைகளில் சிங்கப்பூர்–ஜேஎஃப்கேதான் தூரத்தில் முதலிடம் பிடித்து வந்திருக்கிறது. நியூவர்க்கை 5 கி.மீ. வித்தியாசத்தில் முந்துகிறது.

ஒரு தடவை மட்டும் பறந்ததைச் சேர்த்தால் கதை மாறும். 2020 மார்ச்சில் கொரோனா கட்டுப்பாட்டால் அமெரிக்காவில் இறங்க முடியாமல் போனபோது, ஏர் தஹிதி நுயி நிறுவனம் பசிபிக் தீவான தஹிதியின் பபீட்டேயிலிருந்து பாரிஸுக்கு 15,715 கி.மீ. இடைநில்லாமல் பறந்தது. தூரம் நம்முடையதைவிட அதிகம். ஆனால் எடுத்துக்கொண்டது 16 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. ஆள் குறைவு, காற்றும் சாதகம். தூரத்தை வைத்து நேரத்தைச் சொல்ல முடியாது என்று நான் சொல்லும்போது நம்பாதவர்களிடம் இந்த விமானத்தைத்தான் காட்டுவேன். அடுத்து குவான்டாஸ் சிட்னி–லண்டன், சுமார் 17,000 கி.மீ., நேரடியாக விடத் திட்டமிட்டு ஏ350-1000 விமானங்களை வாங்குகிறது. அது 20 மணி நேரத்தைத் தாண்டும்.

ஒரு விமானம் மணிக்கு 1,300 கிலோமீட்டர் போச்சுன்னு படிச்சேன். அது ஒலியோட வேகத்தைத் தாண்டிடுச்சே?

2020 பிப்ரவரியில் அட்லாண்டிக்கில் சியாரா புயல் வீசியபோது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. தரையைப் பொறுத்த வேகம் 1,300ஐத் தாண்டியது உண்மை. ஆனால் ஒலித்தடை என்பது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தது. காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. காற்றே மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் ஓடியதால் தரையைப் பொறுத்த வேகம் ஏறிவிட்டது. ஃபிராங்ஃபர்ட் வழியில் சொன்ன எதிர்க்காற்று இதன் மறுபக்கம்.

சண்டை நடந்தா விமான நேரம் கூடுமா?

கூடும், சில நேரம் மிக அதிகமாக. 2022இல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடியதும் ஃபின்லாந்து நிறுவனமான ஃபின்ஏரின் ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணியிலிருந்து 13 மணியை ஒட்டி ஏறியது. இரண்டு ஊருக்கும் இடையே தூரம் ஒரு அங்குலம்கூட மாறவில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளி இந்திய நிறுவனங்களுக்கு மூடப்பட்டபோது டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போகும் சில விமானங்கள் எரிபொருளுக்காக ஐரோப்பாவில் இறங்கிப் போயின. சிங்கப்பூர்–நியூயார்க்கில் போகும் வழி பெரும்பாலும் கடல் என்பதால் அந்த அளவு அடிபடாது. திரும்பும் வழி மேற்கு ஆசியாவை ஒட்டியது. அங்கே பதற்றம் என்றால் பாதை மாறும்.

அம்மாவுக்கு சர்க்கரை. மாத்திரையை எந்த ஊர் நேரத்துக்குப் போடறது?

இதற்கு நான் பதில் சொல்லக் கூடாது, மருத்துவர் சொல்ல வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் கட்டாயம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும்போது எடுத்துப் போக வேண்டியது "எத்தனை மணிக்கு இறங்குகிறோம்" என்பதை அல்ல, கதவு மூடியதிலிருந்து எத்தனை மணி நேரம் என்ற கணக்கை. மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள்.

மகளைக் கூட்டிட்டு வர ஜேஎஃப்கேக்கு எத்தனை மணிக்குப் போய் நிக்கணும்?

டிக்கெட்டில் உள்ள இறங்கும் நேரத்தை மறந்துவிடுங்கள். விமானம் கிளம்பி இரண்டு மணி நேரம் கழித்துக் கண்காணிப்புச் செயலியில் பாருங்கள். அன்றைய காற்றைக் கணக்கில் எடுத்த நேரம் அதில் வந்திருக்கும். அட்டவணையைவிட அரை மணி முன்னால் இறங்குவது சகஜம். அதிகாலையில் இறங்கினால் குடிநுழைவு வரிசை பொதுவாகக் குறைவு, ஆனாலும் பெட்டி எடுத்து வெளியே வர ஒரு மணி நேரம் வையுங்கள். இறங்கியதும் அவர்கள் போன் செய்த பிறகு வீட்டிலிருந்து கிளம்பினாலே குயின்ஸில் இருப்பவர்களுக்குப் போதும். நியூஜெர்சியிலிருந்து வருகிறவர்கள் மட்டும் பாலத்துச் சுங்கத்துக்கும் நெரிசலுக்கும் சேர்த்து முன்னதாகவே புறப்படுங்கள்.